தகாத சொல்

எங்கள் அச்சகத்தில் கெட்ட வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. மெஷின்காரர் வாயைத் திறந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த பதினோரு வருஷத்தில் அவர்கூட வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை ஒன்று இருந்தது. அது ஒரு கடலின் பெயர்.

கடல் என்னவோ ஒன்றுதான். காலை ஒன்பது மணிக்கு இங்கே கப்பல் ஏறினால் மாலை நாலு மணிக்கு எதிர்க்கரையில் இறங்கிவிடலாம். இந்தக் கரையில் அதற்குப் பெயர் தாய்க்கடல். அந்தக் கரையில் வேறு பெயர். அவர்கள் வைத்த பெயரை இங்கே அச்சடித்தாலும் எழுதினாலும் பிறர் காதுபடச் சொன்னாலும் மூன்று வருஷம் சிறை. நம் பெயர் போட்ட வரைபடத்தோடு அங்கே பிடிபட்டால் ஏழு வருஷம். எங்களுக்குத் தெரிந்த ஒரு லாரி டிரைவர் தன் வண்டிக்குள் காலண்டர் ஒன்றை மாட்டியிருந்தார். அதன் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வரைபடம். அந்தத் தீப்பெட்டிக்காக அங்கே சிறைக்குள் போனவர் இன்னும் வரவில்லை. அவர் வீட்டில் அதற்கப்புறம் நாலு காலண்டர் மாறிவிட்டது.

நான் வரைபடங்களைச் சரிபார்ப்பவள். பள்ளிக்கூட அட்லஸின் கடைசிப் புரூஃபில் கையெழுத்துப் போடுவது நான்தான். தவறு யார் செய்தாலும் தலை என்னுடையது என்று அர்த்தம்.

முதலாளி நாலு வருஷமாக எதிர்க்கரைப் பள்ளிகளுக்கும் ரகசியமாக அட்லஸ் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மலை அதே மலை, ஆறு அதே ஆறு. வரைபடத்தில் தண்ணீரின் பெயர்களெல்லாம் நீல மையில் தனி அச்சுத் தகடாக, அதாவது பிளேட்டாக வரும். அந்த ஒரு பிளேட்டை மாற்றிப் போட்டால் கடல் கட்சி மாறிவிடும். அடித்து முடித்த அன்றே அதைத் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். கட்டுகளின் மேல் சீட்டு ஒட்டுவதில்லை, எழுதுவதில்லை. எல்லாவற்றையும் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, நம்முடையதை நீல நூலாலும் அவர்களுடையதை வெள்ளை நூலாலும் கட்டுவோம். எழுதினால்தானே மாட்டுவோம், நூலுக்கு வாய் இருக்கிறதா என்று கேட்பார் முதலாளி. இங்கே துறைமுகத்தில் போகிற சரக்கை யாரும் திறப்பதில்லை. வருகிற சரக்கைத்தான் குடைவார்கள். அங்கேயும் அப்படியே, பத்துக் கட்டுக்கு ஒரு கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

அந்தச் சரக்கை லாரியோடு கப்பலில் ஏற்றிக் கொண்டுபோவது என் கணவர். அச்சகத்தில் விஷயம் தெரியாத ஒரே ஆளும் அவர்தான். தெரியாதவன் முகத்தில் பயம் இருக்காது, சோதனைச் சாவடியில் அதுதான் நல்ல முகம் என்று முதலாளி சொன்னார். நானும் தலையாட்டினேன். என் கணவர், கணக்குக்கு ஒரு குண்டூசி கூடினாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிற மனிதர். விஷயம் தெரிந்தால் அன்றைக்கே வண்டிச் சாவியை மேஜையில் வைத்துவிடுவார். அதனால், அவர்களுக்கு அடிக்கிற அட்லஸில் கடலுக்குப் பெயரே போடுவதில்லை, வெறும் நீலமாக விட்டுவிடுகிறோம் என்று நான்தான் அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். அதுதான் நல்லது என்று அவரும் சந்தோஷப்பட்டார். நாலு வருஷமாக என்னை நம்பி அந்தக் கடலைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தார்.

அன்றைக்குக் காலையிலும் அவர் கப்பல் ஏறிவிட்டார். நூற்றிருபது கட்டு. பத்து மணிக்கு எங்கள் அச்சகத்துக்குப் பூதக்கண்ணாடி வந்து சேர்ந்தார்.

பூதக்கண்ணாடி என்பது, அரசாங்கத்தின் பெயர் ஆய்வுப் பிரிவு அதிகாரிக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர். அட்லஸ் பள்ளிகளுக்குப் போகும் முன் வருஷா வருஷம் வருவார். ஒரு லென்ஸையும் இரும்பு ஸ்கேலையும் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகக் கடலைத் தேடுவார். கெட்டவர் இல்லை, ஆனால் பயந்தவர். பயப்படக் காரணமும் உண்டு. அவருக்கு முன்னால் இருந்த அதிகாரி ஒரு வழக்குக் கோப்பில், இன்னார் கடையில் பிடித்த வரைபடத்தில் இன்ன பெயர் இருந்தது என்று அந்தப் பெயரையே எழுதிவிட்டார். எழுதியதும் குற்றம்தானே. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று சொல்லி அவரையும் உள்ளே தள்ளினார்கள்.

சோதனை நடக்கும்போது கையெழுத்துப் போடுகிறவள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். என் கைபேசி அவர் கண்ணெதிரே மேஜைமேல் இருக்க வேண்டும். கடைசித் தாளில் கையெழுத்து ஆகும்வரை எழுந்து போகக் கூடாது. பதினோரு மணிக்கு, கிடங்கிலிருந்து மூன்று கட்டு எடுத்து வரும்படி அவரே சொன்னதால் நான் போனேன்.

முந்தின நாள் நடந்ததை இங்கே சொல்லிவிட வேண்டும். மத்தியானம் நீல நூல் தீர்ந்துபோனது. நம் அட்லஸில் பதினெட்டு கட்டு பாக்கி. கட்டுகிற ஆள் சாப்பிடப் போயிருந்தார். சும்மா கிடப்பானேன் என்று நானே வெள்ளை நூலால் அந்தப் பதினெட்டையும் கட்டிக் கதவோரமாக அடுக்கினேன், காலையில் நீல நூல் வாங்கி வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று. அதற்குள் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். போட்டது போட்டபடி ஓடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதென்றால் எது எதோடு கலக்கக் கூடாது என்று சொல்லியாக வேண்டும். எங்கள் அச்சகத்தில்தான் அதை யாரும் சொல்ல மாட்டோமே.

கிடங்கில் கதவோரம் காலியாக இருந்தது. உள்சுவர் ஓரம் வெள்ளை நூலில் பதினெட்டு கட்டு நின்றன. ஏற்றுகிறவர்கள் வழியை அடைக்கிறதென்று தள்ளி வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, நூலை மாற்றக் குனிந்தேன். முடிச்சு என்னுடையது இல்லை.

என் முடிச்சு இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே ஒரு கண்ணி விட்டது. கண்ணியை இழுத்தால் அவிழ்ந்துவிடும். என் கணவரின் சாப்பாட்டுப் பையை அப்படித்தான் கட்டுவேன், வண்டி ஓட்டிக்கொண்டே ஒற்றைக் கையால் அவிழ்க்க வசதி. கட்டுகிற ஆள் போடுவது கத்தி இல்லாமல் அவிழாத முடிச்சு. பதினெட்டும் அவர் முடிச்சு. ஒரு கட்டின் மூலையைக் கிழித்து, உள்ளே விரலை விட்டு, கடல் வருகிற பக்கத்தைப் பார்த்தேன். எதிர்க்கரைப் பெயர் இருந்தது.

விடிகாலையில் வந்தவர்களுக்கு, வெள்ளை நூலில் நூற்றிருபது என்று மட்டும் சொல்லப்பட்டிருந்தது. கதவோரத்திலிருந்து எண்ண ஆரம்பித்து நூற்றிருபதில் நிறுத்தியிருக்கிறார்கள். என் பதினெட்டு முதலில் ஏறிவிட்டது. அவர்களுடைய பதினெட்டு இங்கேயே நின்றுவிட்டது. நம் பெயர் போட்ட அட்லஸ் என் கணவரின் முதுகுக்குப் பின்னால் அந்தக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் மனிதர் சுறுசுறுப்பு. கழிவுக் காகிதத்தை ஊறவைக்கிற தொட்டிக்குள் அந்தப் பதினெட்டு கட்டையும் போடச் செய்து, தானே கம்பால் குத்துகுத்தென்று குத்தினார். என் கணவருக்கு என்ன வழி என்று கேட்டேன்.

“பத்துக்கு ஒண்ணுதானே பிரிக்கிறாங்க. அதிர்ஷ்டம் இருந்தா தப்பிச்சுடுவார்,” என்றார். “போன்ல மட்டும் எதையும் உளறிடாதே. நீ வாயைத் திறந்தா பத்துக் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்.”

அந்தப் பத்தில் என் குடும்பம் சேர்த்தியில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கம்பைப் பிடுங்கி அவரையே தொட்டிக்குள் தள்ளலாமா என்று வந்தது. அதற்கும் நேரமில்லை. நல்ல கட்டு மூன்றைத் தூக்கிக்கொண்டு பூதக்கண்ணாடியிடம் திரும்பினேன்.

நடுக்கடலில் கைபேசி வேலை செய்யாது. எதிர்க்கரைக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போதுதான் சிக்னல் வரும், அதாவது மூன்றே கால் மணிக்கு. பதினொன்றரையிலிருந்து மூன்றே கால்வரை நான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தது எனக்கும் அந்தச் சுவர்க்கடிகாரத்துக்கும்தான் தெரியும். நூற்றிருபதில் பன்னிரண்டைப் பிரிப்பார்கள். அந்தப் பன்னிரண்டில் என் பதினெட்டில் ஒன்றுகூட வராமல் இருக்குமா என்று எத்தனை விதமாகக் கணக்குப் போட்டாலும் விடை மோசமாகவே வந்தது. பூதக்கண்ணாடி ஒவ்வொரு பக்கமாக எச்சில் தொட்டுப் புரட்டினார். இருமினார். தண்ணீர் கேட்டார். ஏன் அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். மகளுக்குக் காய்ச்சல் என்றேன். அவர் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, காய்ச்சலுக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று அக்கறையாக விசாரித்தார்.

மூன்று இருபதுக்கு நான் எழுந்தேன். வெளியே போய் ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்றேன். இன்னும் பதினாறு பக்கம் இருக்கிறது, அப்புறம் பேசலாம் என்றார். அவசரம் என்றேன். வாசலில் நின்றிருந்த முதலாளி என்னையே பார்த்தார்.

“அவசரம்னா இங்கேயே உக்காந்து பேசுங்கம்மா,” என்றார் பூதக்கண்ணாடி. “யார் வேணாம்னா?”

எண்ணை அழுத்தினேன். முதல் தடவை போகவில்லை. இரண்டாவது தடவை போகவில்லை. மூன்றாவது தடவை அவர் எடுத்தார். பின்னால் கப்பல் இன்ஜின் இரைந்தது.

“என்னங்க, நான் சொல்றதை அப்படியே செய்யுங்க. வண்டியில நான் கட்டின கட்டு பதினெட்டு இருக்கு. உங்க சாப்பாட்டுப் பை முடிச்சு. அதைப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கடல்ல போட்டுடுங்க. இப்பவே.”

அவர் சிரித்தார். காலையில் மாத்திரை கீத்திரை மாற்றிச் சாப்பிட்டுவிட்டாயா என்று கேட்டார். விளையாட்டில்லை என்றேன். முதலாளி சொன்னாரா என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். நூற்றிருபது கட்டு என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், காரணம் சொல்லாமல் அடுத்தவர் சரக்கைத் தண்ணீரில் போடச் சொல்கிறாயே என்றார். காரணம் வீட்டுக்கு வந்ததும் சொல்கிறேன் என்றேன். அப்படியென்றால் வீட்டுக்கு வந்ததும் போடுகிறேன் என்று மறுபடி சிரித்தார். பூதக்கண்ணாடி பக்கம் புரட்டுவதை நிறுத்திவிட்டார். முதலாளி வாசலில் நின்றபடி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தார்.

“பள்ளிக்கூட அட்லஸ்ல பயப்பட என்னம்மா இருக்கு?” என்றார் என் கணவர். “கடலுக்குப் பேரே போடலைன்னு நீதானே சொன்னே?”

மணி மூன்று இருபத்தைந்து. பதினெட்டு கட்டைத் தேடி எடுக்க அரை மணியாவது வேண்டும். ஜாடையாகச் சொல்ல என்னிடம் வேறு வார்த்தை இல்லை. ஜாடை புரிகிற அளவுக்கு அவரிடம் நான் எதையும் சொல்லி வைக்கவில்லை. அந்த நிமிஷம் என்மேலேயே எனக்கு வந்த கோபம் அதுவரை யார்மேலும் வந்ததில்லை.

“பொய் சொன்னேங்க,” என்றேன். “நாலு வருஷமாப் பேர் போட்டுத்தான் அடிக்கிறோம். அவங்களுக்கு வாசல் கடல்னு அடிக்கிறோம். வாசல் கடல். கேட்டுச்சா? இந்தப் பதினெட்டுல மட்டும் தாய்க்கடல்னு இருக்கு. என் தப்பாலதான் மாறிப்போச்சு. அங்க பிரிச்சாங்கன்னா நீங்க திரும்பி வர மாட்டீங்க.”

இன்ஜின் சத்தம் மட்டும் வந்தது.

“சரி,” என்றார். போனை வைத்துவிட்டார்.

முதல் ஆளாக வாயைத் திறந்தவர் முதலாளிதான். இந்த அம்மா கொஞ்ச நாளாகவே சரியில்லை சார், வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நினைக்கிறேன் என்றார். பதினோரு வருஷம் உப்புப் போட்டவர்.

பூதக்கண்ணாடி எழுந்து கிடங்குக்குப் போனார். பத்துக் கட்டைப் பிரித்துப் பார்த்தார், எல்லாம் தாய்க்கடல். மெஷினுக்குப் போனார், பிளேட் கழுவிப் பளபளவென்று இருந்தது. தொட்டியில் கூழ்தான் இருந்தது. திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். என் பெயர், வயது, வேலை எல்லாம் எழுதினார். குற்றவாளி உச்சரித்த சொல் என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே வந்ததும் பேனா நின்றுவிட்டது.

பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினார்.

“நீங்களே எழுதிடுங்கம்மா.”

“எழுதினா அது இன்னொரு குற்றம் சார். எனக்கு ஒண்ணு போதும்.”

அவர் நெற்றி வியர்த்தது. தனக்கு முன்னால் இருந்த அதிகாரியை நினைத்திருப்பார். அவர் எழுதினால் அவர் உள்ளே. எழுதாவிட்டால் வழக்கே இல்லை. ஆனால் கதவு திறந்தே இருந்ததால் அச்சகத்தில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள், என்னை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. மணி மூன்று ஐம்பது. கப்பல் துறைமுகத்துக்குள் திரும்புகிற நேரம். அவர் எதை எழுதினாலும் எனக்குக் கவலையில்லை, என் காது கைபேசியில் இருந்தது. கடைசியில் அவர் குனிந்து இரண்டே வார்த்தை எழுதினார். தலைகீழாகவே படித்தேன். தகாத சொல்.

அவர் செய்தது கருணையா பயமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

தகாத சொல்லுக்கு எங்கள் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. குடித்துவிட்டு வீதியில் வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்களுக்கானது. அரசு அதிகாரி முன்னிலையில் பேசியதால் பதினைந்து நாள். நீதிபதி என்னை மேலும் கீழும் பார்த்து, படித்த பெண் இப்படிப் பேசலாமா என்று கேட்டார். என்ன வார்த்தை என்று மட்டும் கேட்கவில்லை. என் மாமியாருக்கு விஷயம் போனபோது, மருமகள் ஆபீசரைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டாள் என்றுதான் போயிருக்கிறது. என்றைக்காவது இது நடக்கும் என்று எனக்குத் தெரியும் என்றாராம்.

ஆனால் இதெல்லாம் மறுநாள். அன்று மாலை ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தபோது, என் கைபேசி ஒரு பெண் போலீசிடம் இருந்தது. நாலு மணி ஆனது, ஐந்து ஆனது, ஏழும் ஆனது. சேதி வந்திருக்கிறதா என்று நான் கேட்கிற ஒவ்வொரு தடவையும் அவள் எரிந்து விழுந்தாள். ஏழே முக்காலுக்கு அவளே எழுந்து வந்து திரையைக் காட்டினாள். வெளியே வந்துவிட்டேன் என்று இருந்தது. நான் அழுத அழுகையைப் பார்த்து, அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

என்னோடு அறையில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் அதே பிரிவு. வாடகைச் சண்டையில் வீட்டுக்காரனைத் திட்டியவள், வரிசையில் போலீஸ்காரனைத் திட்டியவள் என்று ஆளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள், கூடவே ஆளுக்கு ஒரு வார்த்தை. கேட்டு நானே இரண்டு புதிதாகக் கற்றுக்கொண்டேன். என் முறை வந்தது. அச்சகத்துக்காரி, பெரிய ஆபீசரையே பேசியவள் என்பதால் எதிர்பார்ப்பு அதிகம். சும்மா சொல்லு, நாங்க கேட்காததா என்றார்கள். சொன்னேன்.

“இதுக்கா?” என்றாள் வீட்டுக்காரனைத் திட்டியவள். “இதுல கெட்டது என்ன இருக்கு?”

கடலைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள் என்று விளக்கினேன். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல், தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு என்னைவிட்டு இரண்டு அடி தள்ளி உட்கார்ந்தாள்.

நாலாம் நாள் என் கணவர் வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவர் என்னைப் பார்க்காமலேயே பேசினார். பதினெட்டு கட்டையும் கப்பலின் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டிருக்கிறார். பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்தவன் கேட்டதற்கு எலி கடித்துவிட்டது என்று சொன்னாராம். வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய்யாக இருக்கும். பதினெட்டு குறைகிறதே என்று கரையில் மூன்று மணி நேரம் விசாரித்தார்கள். சீட்டுக் கணக்குப்படியே பன்னிரண்டு கட்டைப் பிரித்தார்கள், எல்லாம் அவர்கள் கடல். விட்டுவிட்டார்கள். வந்ததும் வண்டிச் சாவியை முதலாளி மேஜையில் வைத்துவிட்டாராம்.

மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்றார்.

“போன்ல அந்தப் பேரைச் சொன்னியே, அது எனக்காகன்னு தெரியும்,” என்றார். “நாலு வருஷம் சொல்லாம இருந்தியே, அது யாருக்காக?”

வாயாடி என்று பெயர் வாங்கியவள் நான். அவர் பதிலுக்குக் காத்திருந்தார். மணி அடித்தார்கள். போய்விட்டார், திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு காவலாளி மாற்றுத் துணி இருந்த பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாய் கட்டியிருந்தது. இரண்டு சுற்று, மேலே ஒரு கண்ணி. இத்தனை வருஷமாக அந்த முடிச்சை அவிழ்த்து மட்டுமே பழக்கப்பட்ட மனிதர். அன்றைக்குக் கப்பலில் நூற்றிருபது கட்டைத் தடவித் தடவித் தேடியதில் போடவும் கற்றுக்கொண்டிருக்கிறார். கண்ணி கொஞ்சம் கோணலாக இருந்தது. வீட்டுக்காரனைத் திட்டியவள் தலைக்கு எண்ணெய் வந்திருக்கிறதா பார், சீக்கிரம் பிரி என்று அவசரப்படுத்தினாள். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.